தீயணைப்புப் படம் ஓடிய விதம்

2007 மார்ச் 9, வெள்ளிக்கிழமை காலை. திருப்பூர் வீரபாண்டியில் உள்ள ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகக் கணினியில், டென்மார்க்கிலிருந்து வந்த குறுந்தகடு ஒன்று ஓடவில்லை.

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதலாக, நெருப்பின் பொருட்டு இத்தனை அக்கறையுள்ளவர்கள் ஒரே அறையில் கூடியதில்லை. முதலாளி கிட்டுசாமி வந்திருந்தார். அவருடைய மச்சினரும் மேனேஜருமான தண்டாயுதபாணி வந்திருந்தார். கணினியின் முன்னால் 'சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்' ராபின் உட்கார்ந்திருந்தான். வடையும் வந்திருந்தது. 'மனிதவளம் மற்றும் இணக்கம்' என்று அட்டை வைத்த மேசைக்குச் சொந்தக்காரியான சித்ராதேவி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். படம் ஓடியே ஆக வேண்டும் என்று உள்ளூரத் தவித்தவள் அவள் ஒருத்திதான்.

காரணம் ஒரு பூட்டு. மூன்றாம் மாடி செக்கிங் பிரிவுக்கு இரண்டு கதவுகள். பின்படிக்கட்டுக்குப் போகும் கதவு வழியாக எப்போதோ சில டி-ஷர்ட்டுகள் பில் இல்லாமல் கீழே இறங்கிவிட்டன. அன்று போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. சாத்தூர்ப் பக்கமிருந்து சித்ராதேவியைக் கூட்டிவந்து இங்கே சேர்த்துவிட்ட அத்தை மூக்கம்மாள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான், துணிக் குவியல்களுக்கு நடுவே, மற்றப் பெண்களோடு நாள் முழுக்க நின்று, தைத்த பீஸ்களில் குறை பார்த்தாள். வேலையில் சேர்ந்ததிலிருந்து சித்ராதேவி பூட்டை எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசாத பண்பாளர் கிட்டுசாமி. "பண்ணீரலாமுங்க அம்மிணி" என்று ஒவ்வொரு முறையும் ஒரே கனிவோடு சொன்னார்.

இந்த நிலையில்தான், பனியன் வாங்கும் டென்மார்க் பையர் ஒரு தீத்தடுப்புப் படம் அனுப்பினார். தொழிலாளர்கள் அனைவருக்கும் கம்பெனியின் சொந்தக் கணினியில் போட்டுக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை அவர் சார்பில் ஆடிட்டர் வந்து பார்ப்பார். குறுந்தகட்டின் உறையில், விரியத் திறந்த ஒரு பின்கதவின் படம் இருந்தது. தன் வாய் சொல்லி நடக்காதது டென்மார்க்கின் வாய் சொன்னால் நடக்கும் என்று சித்ராதேவி நம்பினாள். முதலாளி ஒரு தடவை பார்த்தால் போதும், பூட்டு போய்விடும்.

ஆனால் படம் ஓட வேண்டுமே.

கணினியில் இருந்தது, காசு கொடுக்காமலே கிடைக்கும் லினக்ஸ். திருட்டு சாஃப்ட்வேரைப் பிடிக்க ஆள் வருகிறார்கள் என்று போன வருடம் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. கிட்டுசாமி அன்று சாயங்காலமே நேர்மைக்கு மாறினார். "நம்ம கம்பெனில திருட்டுக்கே எடமில்லீங்க. மேல பூட்டு, கீழ லினக்ஸ்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

"ஏந்தம்பி, படம் ஏன் ஓட மாட்டீங்குது?" என்று ராபினைக் கேட்டார்.

"கோடெக் இல்ல சார். படத்தப் பிரிச்சுக் காட்டுற சாமான். அதுக்குக் காப்புரிமை இருக்கு. அதனால லினக்ஸ்காரங்க கூடச் சேத்துத் தரல."

"இது ஓசின்னுதானே சொன்னீங்க?"

"ஓசி இல்ல சார், சுதந்திரம். எத ஓட்டணும்னு நீங்களே முடிவு பண்ணலாம்."

"செரி. இந்தப் படத்த ஓட்டறதுன்னு முடிவு பண்ணீட்டேன். ஓட்டுங்க."

"அது முடியாது சார்."

கிட்டுசாமி ஒரு வடையை எடுத்துக் கடித்தார். "நம்ம நாட்டுச் சுதந்திரமாட்டவே இருக்குதுங்க" என்றார்.

பக்கத்துக் கடையிலிருந்து டிவிடி பிளேயர் ஒன்றை வாங்கிவந்து போட்டுவிடலாம் என்றார் தண்டாயுதபாணி. போட்டும் பார்த்தார்கள். அது தகட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே துப்பியது. எனவே, கணினியிலேயே 'மீடியா பிளேயர்' ஒன்றை நிறுவுவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ராபின் கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனான்.

"பொறு கண்ணு" என்றார் கிட்டுசாமி. "பத்தரை பன்னண்டு ராகு காலம். நல்ல காரியத்த அதுல ஆரம்பிக்கக் கூடாது."

நெருப்பும் பன்னிரண்டு மணிவரை காத்திருந்தது.

பன்னிரண்டுக்குப் பிறகு கணினி தன் நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கியது. பிளேயரை நிறுவ வேண்டுமானால் இன்னொரு கோப்பு வேண்டும் என்றது. அதைத் தேடி இறக்கியதும், அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. அந்த வேறொன்றோ, பிளேயர் ஏற்கெனவே இருந்தால்தான் உள்ளே வருவேன் என்றது.

காத்திருந்த வேளையில் சித்ராதேவி சும்மா இருக்கவில்லை. தண்டாயுதபாணியிடம் போய்ப் பின்கதவின் சாவியைக் கேட்டாள்.

"சாவி என்ற கைல இருக்குதுங்க. ஆனா மாமா சொல்லோணுமல்ல?"

மாமாவிடம் போனாள்.

"தொறந்துடலாமுங்க அம்மிணி. ஆனா தொறந்தா அங்கொரு செக்யூரிட்டி போடோணும். அது மேனேஜர் பாத்துச் செய்யறது."

மறுபடி மேனேஜரிடம் போனாள்.

"பூட்டிக் கெடக்கற கதவுக்கு எதுக்குங்க செக்யூரிட்டி? மொதல்ல தொறக்கட்டும், அப்பறம் ஆள் போடலாமுங்க."

திரும்பி வந்து ராபினிடம் சொன்னபோது அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தான். "அக்கா, இதே சீக்குதான் இங்கயும். அது இருந்தாதான் இது, இது இருந்தாதான் அது. ஆனா இங்க கடைசியில 'ஃபோர்ஸ்'னு ஒரு வார்த்த சேத்து அடிச்சா, எதையும் கேக்காம உள்ள போயிரும்."

"அந்த வார்த்தைய மாடியில யார்ட்ட அடிக்க?"

ராபின் கணினியில் மட்டும் அடித்தான். அது உள்ளே போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் படம் ஓடியது. முதலில் எல்லோரும் நீல நிறத்தில், சத்தமே இல்லாமல் ஓடினார்கள். பிறகு நிறம் வந்தது. அதன் பிறகு, வாய் அசைந்து முடிந்தபின் சத்தம் வந்தது. கிட்டுசாமி கண்கலங்கிப்போய்க் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைமேல் தட்டை வைத்துச் சூடம் காட்டினார். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு தீத்தடுப்புப் படத்தை முழுவதுமாகப் பார்த்தார்கள்.

படத்தில் ஒரு தொழிற்சாலையில் புகை வந்தது. பெண்கள் வரிசையாக, நிதானமாக, திறந்திருந்த பின்கதவு வழியாக இறங்கிப் புல்தரையில் நின்றார்கள். சித்ராதேவி முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் மாறியது.

"பாத்தீங்களா அம்மிணி?"

"பாத்தேன் சார். அந்தக் கதவு..."

"அதேதானுங்க நானும் சொல்ல வந்தது. எப்படித் தொறந்து போட்டிருக்கறாங்க பாருங்க. ஒரு வாட்ச்மேனக் காணோம். அத்தன பேரும் வெறுங்கையோடயா எறங்கறாங்கன்னு யாரு பாக்கறது? வெள்ளக்காரனுக்குச் சாமத்தியம் பத்தாதுங்க."

அவளுக்கு வாயடைத்துப்போயிற்று. கிட்டுசாமி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். தொழிலாளர்கள் படம் பார்க்கக் கீழே வந்து போனால் உற்பத்தி கெடும் என்பதால், கணினியையே மூன்றாம் மாடிக்கு ஏற்ற உத்தரவிட்டார். மாடியில் ப்ளக் பாயின்ட் காலியாக இருந்தது ஒரே இடத்தில்தான். பின்கதவை ஒட்டி மேசை போடப்பட்டது. மேலே 'பயிற்சி மையம்' என்று பலகை தொங்கியது.

"சார், கதவ மறைக்குது சார்" என்றாள் சித்ராதேவி.

"பூட்டுத்தானுங்க மறையுது" என்றார் தண்டாயுதபாணி. "ஆடிட்டர் பாக்கறப்ப நல்லாவா இருக்கும்?"

மூக்கம்மாள் பீஸைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னாள்: "ஏ கிறுக்கச்சி, விடு. முன்னாடி பூட்டுக்கு மட்டுந்தான் சாவி வேணும். இப்ப அந்தப் பொட்டியத் தொறக்கவும் பாஸ்வேர்டு வேணுமாம்லா. ரெட்டப் பாதுகாப்பு."

திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஆடிட்டர் டை கட்டி வந்தார். முதலாளி அறையின் ஏசியில் இளநீர் குடித்தார். பிறகு மாடி ஏறினார். சொந்தக் கணினியில், திருட்டு இல்லாத மென்பொருளில், படம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர் மனம் நெகிழ்ந்தது. எத்தனையோ கம்பெனிகளில் ஆடிட் செய்திருந்தும், தீயைப் பற்றி இவ்வளவு தெளிவான திரையை அவர் கண்டதில்லை.

வழக்கப்படி ஒரு தொழிலாளியைக் கேள்வி கேட்டார். மூக்கம்மாள் மாட்டினாள்.

"தீப்பிடிச்சா என்னம்மா பண்ணுவீங்க?"

"வரிசையா, நெதானமா, பின்கதவு வழியா எறங்கிப் புல்லுல நிப்போம் சார்."

"வெரி குட். பின்கதவு எங்க இருக்கு?"

மூக்கம்மாள் திரையைக் காட்டினாள். "அந்தா இருக்கு."

சித்ராதேவி முன்னால் வந்தாள். தண்டாயுதபாணியின் முறைப்பைப் பார்க்காதவள்போல் சத்தமாகவே சொன்னாள்: "சார், அந்தக் கதவு பூட்டியிருக்கு."

ஆடிட்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே குனிந்து கவனமாகப் பார்த்தார்.

"இல்லையேம்மா" என்றார். "தெறந்துதான இருக்கு."

படிவத்தில் குறித்துக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் கம்பெனிக்குச் சான்றிதழ் வந்தது. படம் தினமும் மதியம் ஓடுகிறது. மேசை நகர்த்தப்படவில்லை. சாவி தண்டாயுதபாணியிடம் இருக்கிறது.