ஒற்றைக் கண்ணும் இடுப்பளவுத் துவக்கும்

பெண் கேட்கப் போகிறவன், பெண்ணுக்கு எத்தனை தாய்மாமன்மார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஒருவர் என்றால் தலையாட்டிச் சமாளிக்கலாம். இரண்டு பேர் இருந்து, இருவருக்கும் துவக்குச் சுடத் தெரியும் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது. நான் பார்க்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பனியில் தற்காலிகக் காவலாளியாக இருந்தேன். தலைமைக் காவலாளி வேலை காலியானது. நிரந்தர வேலை, இடுப்பில் கைத்துவக்கு. "வேலை நிரந்தரமாகட்டும், கலியாணத்தைப் பேசுவம்" என்று உப்புவெளியில் நான் பெண் கேட்ட ராணியின் தகப்பனார் சொல்லியிருந்தார். ஆக, துவக்குப் பரீட்சையில் தேறினால் வேலையும் ராணியும்.

ராணியின் பெரிய மாமா வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்ட் பொலிஸ். சின்ன மாமா கப்பல்காரரோடு திரிந்து சுடப் பழகியவர். இருவரும் பாக்குவெட்டியைத் துவக்காகப் பிடித்து என்னைப் பழக்கினார்கள்.

"தம்பி, கண்மட்டத்துக்குத் தூக்கும். ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடிச்சு, குறி பாத்துச் சுடும்" என்றார் பெரியவர்.

"நீங்கள் மூச்சுப் பிடிச்சு முடியிறதுக்குள்ளை கள்ளன் சாக்கோடை கந்தளாய்க்குப் போயிடுவான், அண்ணை!" என்றார் சின்னவர். "தம்பி, துவக்கை இடுப்பளவிலை வைச்சு, விரல் நீட்டுற மாதிரி நீட்டிச் சுடும். குறியும் மண்ணாங்கட்டியும்!"

"அப்ப துவக்கின்ரை முன்னுக்கு குறி பாக்கிற அந்த மணியை ஏனடா வைச்சவன்? வடிவுக்கோ?"

நான் இருவருக்கும் "ஓம் மாமா" என்றேன். (என் படிப்பு முழுவதும் அவ்வளவுதான்.)

பரீட்சையன்று இருவரும் வந்து எனக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவர் சொன்னபடி சுட்டால் மற்றவர் கலியாணத்தைக் குழப்புவார் என்று பயம். எனவே சின்னவருக்காகத் துவக்கை இடுப்பில் பிடித்தேன். பெரியவருக்காக ஒரு கண்ணை மூடி, மூச்சையும் பிடித்தேன். (மூடியது எந்தக் கண் என்று இன்றுவரை தெரியாது.) சுட்டேன்.

இலக்குப் பலகை சுகமாக நின்றது. அதற்கு வெகு தள்ளிப் பூவரச மரத்தில் சாத்தியிருந்த சின்ன மாமாவின் புதுச் சைக்கிள், முன் சில்லில் காற்றுப் போய்ச் சரிந்தது.

"ஐயோ, என்ரை சைக்கிள்! கண்ணை மூடச் சொன்னது அண்ணை!"

"இடுப்பிலை பிடிக்கச் சொன்னது ஆர்?"

பரீட்சை நடத்திய அதிகாரி துவக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். "கிட்ட எண்டால் நீட்டிச் சுடலாம். எட்ட எண்டால் குறி பாக்கவேணும். நீர் செய்தது ஒரு தூரத்துக்கும் உதவாது."

கம்பனி என்னை வாசல் படலைக் காவலில் நிரந்தரமாக்கியது. துவக்குக்குப் பதில் விசில். ராணியின் தகப்பனார் முகம் சுளித்தார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான் மாமன்மார் இருவரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே பக்கம் பேசினார்கள்: "அத்தான், பொடியன்ரை கையிலை இருக்கிறது விசில். துணிஞ்சு பிள்ளையைக் குடுக்கலாம்."

தாலி கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவியது. பின்னாலிருந்து பெரியவர், "பாத்துக் கட்டும், தம்பி" என்றார். "பாக்காதையும், கை தானாப் போகும்" என்றார் சின்னவர். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள்வரை சொல்லிச் சிரிப்பது, அப்போது ராணி குனிந்த தலை நிமிராமல் எனக்கு மட்டும் சொன்னதைத்தான்.

"பயப்பிடாமல் கட்டுங்கோ. மாமான்ரை சைக்கிளை வீட்டுப் பின்வளவிலை விடச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."