வாரக்கணக்கு மாமாவின் பட்டினி

மனிதர்களின் வயதை வாரத்தில் கணக்கிட்டவர் பூலோகத்திலேயே எங்கள் வாரக்கணக்கு மாமா ஒருவர்தான். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். அடுத்த பண்ணை என்னுடையது. கோழிக்கு வயது வாரத்தில்தான். மாமா மனிதருக்கும் அதையே வைத்துக்கொண்டார்.

கல்யாணத்தில் மேடையேறி, "மாப்ளே, ஆயிரத்து நானூறு வாரம் இருக்குமா?" என்பார். மாப்பிள்ளை திருதிருவென்று முழிப்பார். என் மாமியாரை ஒருநாள் ஏற இறங்கப் பார்த்து, "மூவாயிரம் தாண்டியும் தீனி நல்லா எடுக்கறாங்க!" என்றார். அந்த அம்மாள் அப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அந்த வகையில் மாமாவுக்கு நான் ரொம்பவும் கடமைப்பட்டவன்.

போன கோடையில் கோழி ஷெட்டில் குனிந்து நிமிர்ந்தவர், தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மகன் செந்திலும் நானும் டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

"சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குங்க. வயசானா அதுல சில ஹார்மோன் குறையும். உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோனும் அதுல ஒண்ணு. அதனாலயும் எந்திரிச்சா தலை சுத்தலாம். பயப்பட ஒண்ணுமில்லீங்க" என்றார் டாக்டர்.

"உற்பத்தி கொறஞ்சிருச்சுன்னு சொல்லுங்க! பட்டினி போட்டா மறுபடி ஏறுமுங்களா?"

முட்டை குறைந்த கோழிக்குச் சில நாள் தீனியை நிறுத்துவார்கள். இறகு உதிர்ந்து, ஓய்வெடுத்து, திரும்ப முட்டையிடும். அதற்கும் மசியாததைக் கழித்துக் கறிக்கு வண்டியேற்றிவிடுவார்கள்.

டாக்டர் சிரித்தார். "அதெல்லாம் கோழிக்குத்தாங்க. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க, மெதுவா எந்திரிங்க."

வெளியே வந்ததும் செந்தில், "இனி பண்ணைக்கு வராதீங்கப்பா. ஊட்டுல இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். மாமாவின் முகம் செத்துப்போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் கழிச்சுட்டான் பாத்தியா, சாமி" என்றார்.

மறுநாளே பட்டினி ஆரம்பம். தட்டுச் சோற்றை யாருக்கும் தெரியாமல் நாய்க்கு வைத்தார்; எங்களுக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது. நாய் பெருத்தது, மாமா இளைத்தார்.

"ஏனுங் மாமா, இப்படி வத்திட்டீங்க?"

"எறகு உதிருது சாமி. பாரு, சீக்கிரமே பண்ணைக்கு வாரேன்!"

வழக்கமான கிண்டல் என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பண்ணைக்குக் கிளம்பியவர், வாசலிலேயே சுருண்டு விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவர் படுத்தவர்தான், மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டார்.

"ஓய்வா இருக்கட்டும்னுதானே சொன்னேன், அதுக்கு இப்படியா பண்ணுவீங்க!" என்று செந்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

உங்களிடம் உற்பத்தி கேட்டது யார் மாமா? சும்மா இருந்திருந்தாலே எங்களுக்குப் போதுமே.