இரும்பு மாப்பிள்ளையின் மாமனார்

மாப்பிள்ளைக்குப் பயந்த மாமனார்கள் உண்டு. மாப்பிள்ளையைப் பயமுறுத்திய மாமனார்களும் உண்டு. ஆனால் தரையில் போல்ட் போட்டு முடுக்கிய மாப்பிள்ளைக்குச் சந்தனம் வைத்து வரவேற்பு கொடுத்த மாமனார், இந்தப் பூமியில் ஒருவர்தான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில், எங்கள் எண்ணெய்த் தொழிற்சாலையில் இருக்கிறார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் மாமனார். கடலை எண்ணெய்ப் பெட்டிகள் ஊர்ந்து வரும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து அந்த பெல்ட் அவர் கையில்தான் இருக்கிறது. "எம் பொண்ணு" என்றுதான் சொல்வார். பெல்ட் கொஞ்சம் ஒரு பக்கமாக விலகினால், "பொண்ணு இன்னிக்கு ஒருக்களிச்சு நடக்குது" என்று ஸ்பேனரை எடுப்பார்.

நான் விழுப்புரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் ஆட்டோமேஷன் டெக்னீஷியன். பெல்ட் முடியும் இடத்தில் பெட்டிகளைத் தூக்கி அடுக்க ரோபோ கை ஒன்று வாங்கினார்கள். அதை நிறுவிப் புரோகிராம் எழுதும் வேலை, முதல் முறையாக, தனியாக என்னிடம் வந்தது. பெரிய மரப்பெட்டியில் ரோபோ வந்து இறங்கியபோது மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இத்த எங்கம்மா நிறுத்தப் போறீங்க?"

"உங்க பெல்ட்டு முடியுற எடத்துலதாண்ணா. ரெண்டும் சேர்ந்துதான் ஓடணும்."

"எம் பொண்ணுகூடவா? அப்ப இவரு மாப்பிள்ளை." கொஞ்சம் யோசித்தார். "புரோகிராமு யாரு எழுதறது?"

"நான்தான்."

"அப்ப நீங்க மாப்பிள்ளையோட அம்மா. வணக்கம் சம்பந்தியம்மா."

மறுநாள் கேன்டீனில் டீ ஊற்றுகிறவர், "சம்பந்தியம்மாவுக்கு சக்கரை தூக்கலாவா?" என்று கேட்டார். வாட்ச்மேன், "சம்பந்தியம்மா, கார்டு காட்டிட்டுப் போங்க" என்றார். கல்யாணமே ஆகாத எனக்கு அந்த வயதிலேயே சம்பந்தி அந்தஸ்து கிடைத்துவிட்டது.

முதல் சிக்கல் உடனே வந்தது. அது ஆடி மாதம்.

"ஆடியில பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஒண்ணா வப்பாங்களா சம்பந்தியம்மா? ஆவணி பொறக்கட்டும்" என்று பெல்ட்டுக்கு முன்னால் நின்றுகொண்டார். மானேஜர் தலையில் கை வைத்தார். ஆனால் ரோபோவையும் பெல்ட்டையும் இணைக்கும் கேபிள் வந்து சேரத் தாமதமாகி, இணைப்பு ஆவணியில்தான் நடந்தது. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விவரமானவங்க" என்று மாமனார் ஷெட் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

சோதனை ஓட்டம் தொடங்கியதும் புகார்களும் தொடங்கின. வேகத்தைக் கூட்டினால், "எம் பொண்ணை இழுத்துக்கினு ஓடறாரு." குறைத்தால், "மாப்பிள்ளை சோம்பேறியா இருப்பாரு போலக்கீது." ரோபோ ஒரு பெட்டியைத் தவறவிட்ட அன்று மாலை டீ வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. வளர்ப்பு சரியில்லையாம்.

ரோபோவுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. யாராவது அதைத் தாண்டிக் கை நீட்டினால் ரோபோ அந்த நொடியே நின்றுவிடும். ஆட்களின் பாதுகாப்புக்காக வைத்தது. மாமனார் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"பந்தியில உக்காந்து சாப்பிட்டுக்கினு இருக்காரு. இலைக்குக் குறுக்க எவனாவது கை நீட்டினா, மரியாதப்பட்ட மனுசன் எந்திரிச்சுக்குவாருல்ல?"

பாதுகாப்பு வகுப்பில் நான் படம் போட்டு விளக்கியதை யாரும் நினைவில் வைக்கவில்லை. இதை எல்லோரும் நினைவில் வைத்தார்கள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. சென்னையிலிருந்து தலைமை அலுவலகத்து அதிகாரி வருகிறார். மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு ஷிப்ட் முழுக்க நிக்காம ஓடணும்மா. நடுவுல ஒரு தடவை நின்னாலும் புரோகிராம் வேலைய வெளிக் கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. நீ பழையபடி ஒயர் மாத்தப் போகவேண்டியதுதான்."

எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து ஒரு பெட்டியை அனுப்பிப் பார்த்தால் ரோபோ அசையவில்லை. அதிகாரியின் கார் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பதறினால் வேலைக்கு ஆகாது. வரிசையாகப் போனேன். மின்சாரம் இருக்கிறது. காற்றழுத்தம் சரி. ரோபோவைச் சுற்றியுள்ள வேலிக் கதவு மூடியிருக்கிறது. புரோகிராமில் பிழை இல்லை. மிச்சம், பெட்டியைப் பார்க்கும் சென்சார். ரோபோவின் முகப்பில் சின்னக் கண்ணாடி வட்டம். அதன்மேல் கட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"மாமனாரே."

"மாப்பிள்ளையப் பாக்கப் பெரிய மனுசங்க வராங்க. வெறும் நெத்தியோடவா நிக்கறது?"

"அது நெத்தி இல்லண்ணா, கண்ணு."

அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. "பேஜாராப் பூடுச்சே. கோவிச்சுக்குவாரா?"

"மாட்டாரு. சந்தனத்தை அந்த வேலிக் கம்பியில வச்சிடுங்க, போதும்." கோட்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். அதிகாரி உள்ளே நுழைய, ரோபோ குனிந்து முதல் பெட்டியை எடுத்தது.

அதன் பிறகு எல்லாம் அழகாகப் போனது. பெட்டி வந்தது, எழுந்தது, அமர்ந்தது. மாமனார் மட்டும் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, பெண்ணைக் கொடுத்தவர் பந்திக்கு ஓரமாக நிற்பதுபோல் நின்றார். ஷிப்ட் முடியும் நேரம். அதிகாரிக்கு ஒரு பெட்டியின் லேபிள் கோணலாகத் தெரிந்திருக்கிறது. "அது என்ன?" என்று பேனாவோடு கையை நீட்டினார். நான் எட்டாத தூரத்தில் இருந்தேன். வாய் திறப்பதற்குள் அந்தக் கையை மாமனார் பிடித்துவிட்டார்.

"சார், மாப்பிள்ளை சாப்பிட்டுக்கினு இருக்காருங்க. இலைக்குக் குறுக்க கை நீட்டக் கூடாது."

மானேஜரின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அருகில் போய், கை உள்ளே போயிருந்தால் ரோபோ நின்றிருக்கும் என்று சொன்னேன். அதிகாரி தன் கையைப் பார்த்தார். ரோபோவைப் பார்த்தார். கையை எடுத்துப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சங்கு ஊதும்வரை வெளியே எடுக்கவில்லை.

சங்கு ஊதியது. ரோபோ கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுக் கையை உயர்த்தித் தன் இடத்துக்குப் போனது. "கும்பிடறாரு பாருங்க" என்றார் மாமனார். ஷெட்டே கை தட்டியது.

"இந்தப் புரோகிராம் யார் எழுதினது?" என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறக்குமுன் பதில் போய்விட்டது. "மாப்பிள்ளையோட அம்மா சார். தோ நிக்கறாங்களே, விழுப்புரம்."

அதிகாரி சிரித்தார். அடுத்த ஷெட்டுக்கு வரும் ரோபோக்களையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

தலை தீபாவளிக்கு மாமனார் ஜரிகை வேட்டி வாங்கி வந்தார். ஓடும் இயந்திரத்தில் துணி கட்டக் கூடாது என்பது விதி. பேச்சுவார்த்தை நடத்தி, வெளி வேலிக் கம்பியில் கட்ட அனுமதி வாங்கிக் கொடுத்தேன். அவரும் அவர் மனைவியும் அதிரசத் தட்டை என் கையில் கொடுத்து, "மாப்பிள்ளைய நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். வருகிறவர் எப்படி இருப்பாரோ தெரியாது. சம்பந்தி மட்டும் எனக்கு ரொம்ப நல்ல இடத்தில் அமைந்துவிட்டார்.