வருக வருக, மீன்கடை கிளமெண்ட் அவர்களே!

போர்ட் பிளேரிலுள்ள ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் இசைக் கல்வி மிகச் சிறப்பாக நடைபெற்று வந்தது. ஆசிரியை சகாயசெல்வி பதினோரு ஆண்டுகளாகப் பாட்டுச் சொல்லித் தந்தாள். பாட்டு ஒன்றுதான். "வருக வருக" என்று தொடங்கும். நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கும். அன்றைக்கு வரும் அதிகாரியின் பெயரையும் பதவியையும் அதில் பொருத்திக்கொள்ள வேண்டியது. அதிகாரிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்ததால் சரளி வரிசைக்கு நேரமே வாய்க்கவில்லை.

அந்த வருடம் எட்டாம் வகுப்பு ஜெயமணிக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னார். மெயின்லேண்டுக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும். அவள் அப்பா சின்னப் படகில் மீன் பிடிப்பவர். கடைகடையாகப் பாடி நிதி திரட்டுவதென்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள்.

"என்ன பாட்டுடி பாடுவீங்க?" என்று கேட்டாள் சகாயசெல்வி.

"நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானே மிஸ்" என்றாள் ஒன்பதாம் வகுப்பு சுஜிதா.

சனிக்கிழமை காலை, அபர்டீன் பஜார். முதல் கடை கிளமெண்டுடையது. "வருக வருக, மீன்கடை கிளமெண்ட் அவர்களே!" என்று இருபது குரல்கள் எழுந்தன. தன் கடைக்குத் தன்னையே ஏன் வரவேற்கிறார்கள் என்று கிளமெண்ட் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நாப்பது வருஷமா இந்தத் தீவுல கெடக்கேன். எல்லாரும் என்ன வெலன்னுதான் கேட்டிருக்காங்க. ஒருத்தனும் என்னய வான்னு சொன்னதில்ல. இன்னொரு தடவ பாடுங்க பிள்ளைகளா" என்றார். கண் கலங்கியிருந்தது. கல்லாவை அப்படியே பிள்ளைகள் நீட்டிய உண்டியலில் கவிழ்த்தார்.

பிறகு கேட்க வேண்டுமா? ஆட்டோக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். மிட்டாய்க்கடை பெங்காலிக்காரர் தன் மனைவி பெயரையும் சேர்க்கச் சொன்னார். மூன்றே வாரத்தில் ஜெயமணி அம்மா அப்பாவோடு சென்னைக் கப்பலில் ஏறிவிட்டாள்.

அவள் போன மறுநாள் கல்வி அலுவலகத்திலிருந்து கண்காணிப்பாளர் அழகர்சாமி விசாரணைக்கு வந்தார்.

"மேடம், மேற்படி வரவேற்புப் பாடல் அதிகாரிகளுக்கு உரியது. எந்த விதியின் கீழ் ஒரு மீன்காரரை வரவேற்றீர்கள்?"

"அவர் அங்க இருந்தார் சார்."

"இருந்தா போதுமா? நான் இருபத்தெட்டு வருஷமா ஆபீஸ்ல இருக்கேன். யாராவது வரவேற்றாங்களா?"

அழகர்சாமி தொண்டையைச் செருமினார். "சரி. கோப்பில் பதிவு செய்யும் பொருட்டு, குற்றத்தை ஒருமுறை செய்து காட்டவும்."

"யார் பேரை வைக்கிறது சார்?"

"சும்மா மாதிரிக்குத்தானே. என் பேரையே வச்சுக்குங்க. கோயி பாத் நஹி, பரவாயில்ல."

பிள்ளைகள் வந்து பாடினார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "இனிஷியல் விட்டுப்போச்சு. ஃபிர் ஸே, இன்னொரு தடவ" என்றார்.

விசாரணையின் முடிவு பத்து நாளில் வந்தது. பாடியது குற்றமல்ல, விண்ணப்பம் இல்லாமல் பாடியதே குற்றம். இனிமேல் பாட்டு வேண்டுவோர் மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும். 'பதவி' என்ற கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

ஒரே வாரத்தில் ஊரில் பதவி இல்லாத ஆளே இல்லாமல் போயிற்று. கிளமெண்ட் நன்னீர் மற்றும் உப்புநீர் மீன் மேம்பாட்டு மன்றத்தின் தலைவரானார். ஆட்டோக்காரர் பிரவின், குட்வில் எஸ்டேட் திருப்பத்து ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் தலைவரானார். சங்கத்தில் அவர் மட்டுமே உறுப்பினர். சகாயசெல்வி ஆசிரியர் அறையில் ஒவ்வொன்றாகச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள். எல்லாரும் வகுப்புக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, தானும் ஒரு விண்ணப்பம் எழுதினாள். பதவி: தலைவி, தீவு இசைப் பேரவை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஜெயமணி திரும்பினாள். அவளைக் காப்பாற்றியவர்கள் அனைவரும் கப்பல் துறையில் திரண்டார்கள். பந்தல், சால்வை, ஒலிபெருக்கி. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருபத்துநான்கு பெயர்கள் இருந்தன. முதலில் அழகர்சாமி, இனிஷியலோடு. கடைசியில் ஜெயமணி, பதவி: பயனாளி.

பதினாறாவது பெயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜெயமணி இறங்கிவிட்டாள். இளைத்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று தோழிகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"மிஸ், ஜெயமணி நிக்கிறா. அவ பேர முதல்ல பாடிடலாமா?" என்று சுஜிதா கிசுகிசுத்தாள்.

சகாயசெல்வி பட்டியலைப் பார்த்தாள். பதினேழாவது அவளுடைய சொந்தப் பெயர். பதினோரு ஆண்டுகளாக எத்தனையோ பேருடைய பெயரை அந்தக் காலி இடத்தில் வைத்திருக்கிறாள்.

"வரிசைப்படியே போங்கடி" என்றாள்.

தன் பெயர் ஒலிபெருக்கியில் வந்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு வந்த பெயர்கள் எதுவும் காதில் ஏறவில்லை. இருபத்துநான்காவதாக, "வருக வருக, பயனாளி ஜெயமணி அவர்களே!" என்று பாடியபடி பிள்ளைகள் திரும்பினார்கள்.

ஜெயமணி அங்கே இல்லை. நெடுநேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவள் அப்பா ஆட்டோ பிடித்து டெய்ரி ஃபார்மிலுள்ள வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

ஆனாலும் பெயர் பட்டியலில் இருந்ததால் பாட்டைப் பாதியில் நிறுத்த வழியில்லை. முழுவதும் பாடினார்கள். தலைவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவி சகாயசெல்வியும் தட்டினாள்.