துருவ ஆயங்களில் ஒரு மயில்

கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவனைக் கோலத்தின் அருகே விடக் கூடாது. என் அக்கா சரோஜா இன்றுவரை தளர்த்தாத கொள்கை இது; காரணம் நான்.

மலாக்காப் பேரங்காடி ஒன்றில் தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலப் போட்டி. முந்தைய ஆண்டு அக்காவைப் பக்கத்து ஊரான ரெம்பியாவின் குழு வென்றிருந்தது. இம்முறை விடுவதில்லை என்று அவள் கட்டத்தாளில் ஒரு மயிலை வரைந்தாள். தலை வலப்பக்கம், தோகை இடப்பக்கம் கீழே. போட்டியிலோ வெறும் வட்டம்தான் தருவார்கள். உள்ளே கட்டம் போட அனுமதியில்லை.

நான் அப்போது பொறியியல் முதலாண்டு (அடக்கம் பாடத்திட்டத்தில் இல்லாத பருவம்).

"போலாருக்கு மாத்திட்டா முடிஞ்சிச்சிலா, அக்கா!"

அதாவது செவ்வக ஆயங்களைத் துருவ ஆயங்களாக மாற்றுவது. நடுவிலிருந்து ஒரு புள்ளி பக்கவாட்டில் எவ்வளவு, மேலே எவ்வளவு என்பதற்குப் பதிலாக, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று சொல்லிவிடலாம். நூலும் கோணமானியும் போதும். உயரத்தை அகலத்தால் வகுத்துக் கணிப்பானிடம் கோணம் கேட்டேன். சொன்னதை அப்படியே நம்பினேன்.

போட்டியன்று அக்கா நூலின் ஒரு முனையை வட்ட நடுவில் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள, மறுமுனையில் நான் புள்ளியிட்டேன்.

"டேய், தோகை இந்தப் பக்கம்தானே வரணும்? எல்லாம் அங்கயே போவுது!"

"கணக்கு பொய் சொல்லாதுக்கா. நீ விரல எடுக்காம இருலா."

கணக்கு பொய் சொல்லவில்லை. இடப்பக்கக் கீழ்ப்புள்ளிக்கு இரண்டு எண்களும் குறை எண்கள், அதாவது மைனஸ்; வகுத்தால் குறைக்குறி மறைந்துவிடும். கணிப்பான் அதை வலப்பக்க மேற்புள்ளி என்றே எண்ணும். நூற்றெண்பது பாகையைக் கூட்ட வேண்டியது மனிதனின் வேலை. அந்த மனிதன் கூட்டவில்லை.

அரிசியைக் கொட்டிவிட்டு அக்கா எழுந்து பார்த்தாள். தோகை முழுவதும் மயிலின் முகத்தில் முளைத்திருந்தது. இடப்பக்கம் கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல் வெறுமையாகக் கிடந்தது. அழிக்க நேரமில்லை.

நடுவரான மலாய் அம்மையார் குனிந்து பார்த்து, "லண்டாக், யா?" என்று பரிவோடு கேட்டார். லண்டாக் என்றால் முள்ளம்பன்றி.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "யா, புவான். லண்டாக்" என்று மரியாதையாக ஆமோதித்தாள்.

முதற்பரிசு மறுபடியும் ரெம்பியாவுக்கே. முள்ளம்பன்றிக்கு ஆறுதல் பரிசு.

இன்று நான் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். அக்காவோ ஒவ்வொரு தீபாவளிக்கும் வாசலில் மயில் கோலமிட்டு, இடப்பக்கத்தை மட்டும் வெறுமையாக விடுகிறாள். வரும் விருந்தினர் ஏனென்று கேட்டால், அவள் மகள் முந்திக்கொள்கிறாள்:

"அந்தப் பக்கம் லண்டாக் மாமா போட்டது, ஆன்ட்டி."