மிளகு விற்காத வெப்சைட்

என்னைப் பெரிய கம்ப்யூட்டர் எஞ்சினியர் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. தப்பு என்னுடையதுதான்.

கொல்லிமலை, திருப்புலி நாட்டில் என் அம்மா மிளகு விவசாயிகள் குழுவுக்குத் தலைவி. சேலத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலைக்கனத்தோடு லீவில் வந்த நான் குழுவுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். யாரிடம் எத்தனை மூட்டை என்று படத்தோடு வியாபாரியே பார்த்துக்கொள்ளலாம். அதை நம்பி அம்மா வீடு வீடாகப் போய், "இந்த வாட்டி பேளுக்குறிச்சித் தரகருக்குக் குடுக்காதீங்க, என்ற புள்ள வழி பண்ணியிருக்குது" என்று சொல்லிவிட்டாள். மொத்த மிளகும் குழுக் கட்டடத்தில் வந்து குவிந்தது.

விற்பனைக்குக் குறித்த நாளில் காலை பத்தரைக்கு, மலையடிவாரத்துக் காரவள்ளிக் குடோனிலிருந்து, வெப்சைட்டைப் பார்த்து வாங்குவதாகச் சொல்லியிருந்த புது வியாபாரி அம்மாவின் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஒண்ணுமே வரலீங்க, வெள்ளையா இருக்குது. பன்னண்டு மணிக்கு லாரி கெளம்பிருமுங்க. மேல வரட்டுங்களா, வேற பக்கம் போகட்டுங்களா?"

"பிரவுசரை அப்டேட் பண்ணுங்க" என்றேன் (டாக்டர் மாத்திரை எழுதித் தரும் தோரணையில்).

"இது பழைய கம்ப்யூட்டருங்க. புதுசு ஏறாதுங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பட்டியல் சர்வரிலிருந்து வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை காத்திருக்கச் சொல்லும் வரிகளை நான் புதுப் பாணியில் எழுதியிருந்தேன். பழைய பிரவுசருக்கு அது புரியாது. ஒரு வரி புரியாவிட்டாலும் மொத்த நிரலையும் தூக்கிப் போட்டுவிடும். நான் சோதித்துப் பார்த்ததோ என் போனிலும், அம்மாவுக்கு நானே வாங்கித் தந்த புதுப் போனிலும் மட்டும்.

புதுப் பாணியைப் பழைய பாணிக்கு மாற்றித் தரும் கருவி உண்டு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு ஓடினேன். பின்னாலேயே பாதிக் குழு. மாற்றி ஏற்றினேன்.

"வெள்ளைதானுங்க" என்றார், அம்மாவின் போனில் லைனிலேயே இருந்த வியாபாரி.

மாற்றிய நிரலோடு ஒரு துணைக் கோப்பும் போக வேண்டும். மறந்திருந்தேன். அது இறங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஏற்றினேன். மறுபடி வெள்ளை. முன்னால் வைக்க வேண்டிய கோப்பைப் பின்னால் வைத்திருக்கிறேன்! மணி பதினொன்று ஐம்பது. பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாக அடித்தேன்.

"கண்ணு, தரகருக்கே போன் போட்டுரலாமா?" என்று பக்கத்து வீட்டு மாமா மெதுவாகக் கேட்டார். அம்மா திட்டியிருந்தாலாவது தேவலை. எனக்கு அவமானத்தில் அழுகை முட்டியது.

அப்புறம் அம்மா தன் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். "ஏனுங்க, பேனா எடுத்துக்குங்க."

கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஒவ்வொரு வீட்டு மூட்டையையும், எது நன்றாகக் காய்ந்தது, எதில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று மறைக்காமல் ஒப்பித்தாள். (எங்கள் வீட்டு மிளகில்தான் ஈரம் அதிகமாம்.) அதற்குள் நான் கோப்புகளின் வரிசையை மாற்றி ஏற்றிவிட்டேன்.

"அட, இப்ப வந்துருச்சுங்க!" என்றார் வியாபாரி. நான் துள்ளி எழுந்தேன். அவரோ, "அது கெடக்கட்டுமுங்க. நீங்க சொல்லுங்கம்மா. ஈரம் எதுன்னு இதுல போடலீங்களே."

லாரி மலை ஏறியது.

இப்போதெல்லாம் எதை எழுதினாலும் முதலில் ஒரு பழைய பிரவுசரில் திறந்து பார்க்கிறேன். ஆபீஸில் அதைப் பொறுப்பு என்கிறார்கள். (பயம்.) ஆனால் மார்கழியில் ஊருக்குப் போனால், விடிகாலைப் பனி இறங்கி ரோடு, மரம், எதிர்ச்சரிவு ஒன்றுமே தெரியாமல் எல்லாம் வெள்ளையாகும்போது, அம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கூப்பிடுவாள்:

"கண்ணு, வெளிய வா சாமி. உன்ற வெப்சைட்டு தொறந்திருக்குது."