ரிப்பன் வெட்டாமல் ஊசி ஓடாது

நல்ல காரியம் செய்கிறவர்கள் ஓர் இனம். நல்ல காரியத்தைத் தொடங்கி வைக்கிறவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தை நீங்கள் எளிதில் பார்க்க முடியாது. எங்கேயாவது வேலையில் இருப்பார்கள். இரண்டாவது இனத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. கோயில் கமிட்டியிலும் இவர்கள் உண்டு, ஜமாஅத்திலும் உண்டு, தெருவிளக்குக்கு மனுக் கொடுக்கிற நகர் நலச் சங்கத்திலும் உண்டு. ஆனால் இந்த இனம் கொழுத்து வளர ஏற்ற மண் எது என்று கேட்டால், ஆலயக் கமிட்டிதான் என்று அடித்துச் சொல்லலாம். அங்கேதான் மைக் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, எழுந்திருங்கள் என்றால் எழுந்து, உட்காருங்கள் என்றால் உட்காரப் பழகிய ஜனமும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு சபையில் பொருளாதார வளர்ச்சிக் குழுவின் செயலாளராக இருக்கும் தவசிமுத்து அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஸ்டெப்னி டூல்ஸ் இருக்காது, ஒரு சுருள் சிவப்பு ரிப்பன் இருக்கும். ஏழை எளியவர் முன்னேற வேண்டும் என்பதில் அவருக்கு உண்மையான ஆசை உண்டு. அதில் சந்தேகமே வேண்டாம். யாராவது பெரியவர் வந்து தொடங்கி வைக்காமல் அவர்கள் தாமாகவே முன்னேறிவிட்டால்தான் அவருக்குத் தாங்காது.

செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரக் குடும்பங்களுக்கு ஆடு கொடுக்கும் திட்டம் அவருடையதுதான். ஆடுகள் வந்து இறங்கின. சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆலய வளாகத்தில் கட்டிக் கிடந்த ஆடுகள் முதலில் குரோட்டன்ஸ் செடிகளைத் தின்றன, பிறகு பேனரைத் தின்றன, விருந்தினர் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது இரண்டு ஆடுகள் குட்டி போட்டிருந்தன. குட்டிகளை எந்தப் பயனாளியின் கணக்கில் சேர்ப்பது என்று கமிட்டியில் விவாதம் நடந்தது. காளான் வளர்ப்புக் குடிலும் அப்படித்தான். காளானுக்கு மரியாதை தெரியாது. விருந்தினருக்காகக் காத்திருக்காமல் முளைத்து, விரிந்து, அழுகிப் போனது. குடிநீர்க் குழாயோ ரிப்பன் கட்டிய கழுத்தோடு ஒரு முழுக் கோடையையும் கடத்தியது.

இதெல்லாம் சில்லறை. அண்ணாச்சியின் மகுடம் 'யூபிலி நினைவு மகளிர் முன்னேற்றத் தையற்கூடம்'.

கூடத்துக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தது பெண்கள் சங்கம். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதை ஆலயத்தில் சேர்த்து விற்று, அந்தக் காசில் பவர் மிஷின்கள் வாங்கினார்கள். சங்கத் தலைவி பரிபூரணம். தவசிமுத்துவின் மனைவியும் அவர்தான். வீட்டில் யார் அரிசியைக் களைந்தார்கள், யார் கல்வெட்டுக்கு ஆர்டர் கொடுத்தார்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

மிஷின்கள் வந்த அன்றே பாண்டீஸ்வரி வந்துவிட்டாள், கூடவே ஏழெட்டுப் பெண்களும். செட்டியார்பட்டியில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர்கள்; கம்பெனி மூடியபின் கிடைத்த கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் சபையைச் சேர்ந்தவர்கள்கூட இல்லை. பாண்டீஸ்வரியே அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி தூக்குகிறவள்தான். வேலை தெரிந்தால் போதும் என்று பரிபூரணம் கூப்பிட்டிருந்தார்.

"சார், உறையக் கழத்தட்டா?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி.

தவசிமுத்து பதறிப் போனார். "ஏட்டி, தொட்டுறாத! பேராயர் வந்து பிரதிஷ்டை பண்ணணும். அவிய கை படுமுன்ன உன் கால் படலாமா?"

"எப்ப சார் வருவாவ?"

"தேதி கேட்டிருக்கு."

தேதி கேட்டிருந்தது. முதல் தேதியில் பேராயருக்கு வெளியூரில் கூட்டம். அடுத்த தேதியில் மூட்டுவலி. அதற்கடுத்த தேதியில் மழை. ஒவ்வொரு முறையும் பேனரில் பழைய தேதியின் மேல் புதுத் தேதியை ஒட்டி ஒட்டி, அந்த இடம் மட்டும் தலையணை மாதிரி புடைத்துக்கொண்டது. கருங்கல் பலகையில் எல்லாப் பெயர்களையும் செதுக்கியாகிவிட்டது, 'நாள்' என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் மொழுமொழுவென்று வெறும் கல். அதுவரை பெண்கள் சும்மா இருக்கலாமா? கூடாது. பயிற்சி நடந்தது. நைட்டி தைத்தே விரல் காய்த்துப்போன பெண்களைத் தரையில் உட்கார வைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் மிஷினைக் குச்சியால் சுட்டிக் காட்டி, "பாபின் இதுக்குள்ளதான் இருக்கு, மனசுல நெனச்சுக்கிடுங்க" என்று வகுப்பெடுத்தார் அண்ணாச்சி. பெண்களும் நினைத்துக்கொண்டார்கள். என்ன நினைத்தார்கள் என்று எழுதினால் அச்சேறாது.

இந்த நேரத்தில்தான் அப்துல் ஹமீது வந்தார். ராஜபாளையத்தில் ஜவுளி மொத்த வியாபாரம். பழைய கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தவர், பாண்டீஸ்வரியின் கைவேலை தெரிந்தவர்.

"நோன்புப் பெருநாளைக்கு முந்தி நைட்டி கடையில இருக்கணும் அண்ணாச்சி. துணி தாரேன், இந்தப் பிள்ளைங்க தச்சுத் தரட்டும். இது ஒழுங்கா முடிஞ்சா வருசம் பூரா வேலை இருக்கு. முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க, வேற ஆளைப் பாக்கேன்."

"முடியாதுன்னு யாரு சொன்னா பாய்? அறுப்பின் பண்டிகைக்குப் பேராயர் உறுதியா வாராவ. அன்னைக்கே பிரதிஷ்டை."

"அன்னைக்குத் துணியோட வாரேன். அன்னைக்கும் உறை கழலலேன்னா வண்டியத் திருப்பிருவேன்."

அன்று சாயங்காலம் பாண்டீஸ்வரி கோபத்தில் அழுதாள். மிஷினே இல்லாமல் கூலிக்குப் போனதற்கு அவள் அழுததில்லை. மிஷினுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு சும்மா இருந்ததுதான் அவளால் பொறுக்க முடியவில்லை. பரிபூரணம் அவளுக்கு ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "பண்டிகைக்கு நீங்க எல்லாரும் வந்துருங்க" என்று மட்டும் சொன்னார்.

அறுப்பின் பண்டிகையும் வந்தது. விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைப்பது அந்தச் சபை வழக்கம். வாழைத்தார், பூசணி, கரும்பு, கோழி, ஆலங்குளத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்த சோளக்கதிர், எல்லாம் குவிந்து கிடந்தன. ஆராதனை முடிந்ததும் அவற்றை வெளியே கொண்டுபோய் ஏலம் விடுவார்கள். பீடத்துக்கு வந்த பொருள் ஏலம் போகாமல் கொண்டுவந்தவரிடம் திரும்பிப் போகக் கூடாது. இது குழந்தைக்கும் தெரிந்த சட்டம்.

தையற்கூடம் ஆலயத்துக்குப் பின்னால், பத்துப் படி இறங்கிப் போக வேண்டும். பேராயருக்கோ மூட்டுவலி. போதாக்குறைக்குப் போட்டோக்காரர், "கூடத்துல லைட்டு பத்தாது சார், பீடத்துக்கு முன்னாடின்னா கும்முனு இருக்கும்" என்று ஆசை காட்டினார். போட்டோ என்ற சொல்லைக் கேட்டபின் அண்ணாச்சிக்கு வேறு எந்தச் சட்டமும் நினைவுக்கு வருமா? மிஷின்களைத் தூக்கி வந்து, ரிப்பன் கட்டி, பூசணிக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் அழகாக வரிசையில் வைத்தார்.

பேராயர் வந்தார். அடுத்த ஊர் ஆலயத்துக்கு நேரமாகிவிட்டதால், ரிப்பன்களைச் சரசரவென்று வெட்டிவிட்டு, தனித்தனியாக ஜெபிக்காமல், கண்ணை மூடி மொத்தமாகவே முடித்தார்: "இங்கே படைக்கப்பட்டிருக்கிற இந்தக் காணிக்கைகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும்." சபை ஆமென் என்றது. எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் தவசிமுத்து.

பிறகு அவர் பேராயரின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேரில் போய் வாங்கிய பால்கோவாவைக் கொடுத்தார். இன்னொரு போட்டோ எடுத்தார். கண் மூடி விழுந்ததால் அதையே மறுபடியும் எடுத்தார். கார் கிளம்பியபின் திரும்பிப் பார்த்தால், வேப்பமரத்தடியில் பொன்னுராஜின் குரல். சபையில் ஏலம் கூறுகிறவன் அவன்தான். ஒரு முட்டையை ஒரு கோழி விலைக்கு ஏற்றிவிடுகிற தொண்டை.

"பவர் மிஷினு! உறை கூடக் கழத்தாத புதுசு! பாய் கேட்டாச்சு! ஒரு தரம்..."

தவசிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "ஏலே பொன்னுராஜு! அது ஏலச் சாமான் இல்லலே! கூடத்துக்கு உள்ளது!"

"பீடத்துக்கு முன்னால வச்சது நீங்கதான அண்ணாச்சி? பேராயரும் காணிக்கைன்னு ஜெபிச்சுட்டாவ. இனி கூடத்துக்குக் கொண்டு போனா, ஆண்டவர்ட்ட குடுத்ததப் பிடுங்குன மாதிரியில்லா இருக்கும்?"

அண்ணாச்சி போதகர் ஐயரைப் பார்த்தார். ஐயர் வேப்பமரத்தைப் பார்த்தார். மரத்தில் ஒன்றும் இல்லை. "ஆமென் சொல்லியாச்சே அண்ணாச்சி" என்றார்.

"அப்ப நானே ஏலத்துல எடுக்கேன்!" என்று சட்டைப் பையில் கைவிட்டார் தவசிமுத்து. பையில் ரிப்பன் துண்டுதான் இருந்தது. "ஏட்டி பரிபூரணம், பர்ஸை எடு!"

"பர்ஸு வீட்டுல இருக்கு" என்றார் பரிபூரணம், கக்கத்தில் பர்ஸை இறுக்கிக்கொண்டு. பிறகு பொன்னுராஜைப் பார்த்து, "நீ சொல்லுலே. அந்தக் காசு சங்கத்துக்கு வரட்டும், அதுல அடுத்த மிஷின் வாங்குவோம். இந்தத் தடவை பெட்டிய எங்க வீட்டுத் தாழ்வாரத்துல எறக்கட்டும்" என்றார்.

"ரெண்டு தரம்! மூணு தரம்!"

துணி ஏற்றி வந்த லோடு ஆட்டோவிலேயே மிஷின்களும் ஏறின. ஹமீது தம் குடோனுக்குப் பின்னால் ஒரு ஷெட்டை ஒழித்துக் கொடுத்தார். ஏலச் சத்தம் அடங்கும் முன்னே பாண்டீஸ்வரி உறையைப் பல்லால் கடித்துக் கிழித்திருந்தாள். கழற்ற அவளுக்குப் பொறுமை இல்லை.

நம் அண்ணாச்சி இடிந்து போயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, அது உண்மை. மூன்றாம் நாள் கமிட்டியில், 'திருச்சபையின் முயற்சியால் மகளிருக்கு வேலைவாய்ப்பு' என்று தாமே அறிக்கை வாசித்தார், கைதட்டினார்கள். அதில் பொய்யும் இல்லை. கைதட்டலின் சூட்டோடு ஷெட்டுக்கு ஸ்கூட்டரை விட்டார். வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சின்ன ஜெபம், நாலு வார்த்தை வாழ்த்துரை, பேராயருக்கு அனுப்ப ஒரு போட்டோ என்று ஆரம்பித்தார். உள்ளே மிஷின்கள் ஓடிய சத்தத்தில் அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவர் பார்த்த கூட்டங்களிலேயே எழுந்திருக்காத கூட்டம் அதுதான்.

பாண்டீஸ்வரி மட்டும் தலை நிமிராமல் சொன்னாள்: "சார், செத்த தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்கு."

இதைப் படித்த உங்களுக்கும் மனசு குளிர்ந்திருக்கும். இப்படி ஒரு பெண்ணை ஊருக்குத் தெரியப்படுத்த வேண்டாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையேற்றி ஒரு சால்வையாவது போர்த்த வேண்டாமா என்று இந்நேரம் உள்ளுக்குள் ஓடியிருக்குமே? தலைமை தாங்க யாரைக் கூப்பிடலாம் என்றுகூடத் தோன்றிவிட்டதா? தாராளமாகச் செய்யுங்கள். அழைப்பிதழில் உங்கள் பெயர் எந்த இடத்தில், எந்த அளவு எழுத்தில் வர வேண்டும் என்பதையும் கையோடு முடிவு செய்துவிடுங்கள். அவள் வரமாட்டாள். பெருநாள் சரக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.